முதலாம் வருட மாணவர்களின் தகவல் அறிதிறனை எப்படி அளப்பது? திருகோணமலைப் பக்கம் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

நிலாவெளி நூலகர்

வணக்கம். திருகோணமலையில் பல்கலைக்கழக மாணவர்களோடு வேலை செய்யும் நூலகத்துறை ஆள் நான். வரும் செமஸ்டரில் முதலாம் வருடப் பிள்ளைகளின் தகவல் அறிதிறனை அளந்து அறிக்கை கொடுக்க வேண்டும். எனக்கு எந்தத் தகவல் தேவை என்று கண்டுகொள்வது, அதைத் தேடி எடுப்பது, நம்பலாமா என்று சோதிப்பது, பிறகு யாருடையது என்று சொல்லி ஒழுங்காகப் பயன்படுத்துவது, இவ்வளவும் சேர்ந்ததுதான் அளக்க வேண்டிய விஷயம்.

வழமையான வழி எல்லோருக்கும் தெரியும். ஒரு வினாக்கொத்து. "எனக்குத் தேவையான தகவலை இணையத்தில் தேடிக்கொள்ள என்னால் முடியும்" என்று ஒரு வசனம், பக்கத்தில் 'முற்றாக உடன்படுகிறேன்' தொடக்கம் 'முற்றாக மறுக்கிறேன்' வரை ஐந்து பெட்டிகள். பிள்ளைகள் நான்கிலும் ஐந்திலும் அடையாளம் போடுவார்கள். சராசரி உயர்வாக வரும். "மாணவர்களின் திறன் நல்ல மட்டத்தில் உள்ளது" என்று எழுதிக் கொடுத்துவிடலாம். அதே பிள்ளைகள் அடுத்த மாதம் கொண்டுவரும் அசைன்மென்டின் கடைசிப் பக்கத்தில், உலகத்திலேயே இல்லாத கட்டுரைகள் உசாத்துணையாக இருக்கும்.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: திறனைப் பிள்ளையிடம் கேட்டு அளக்க முடியாது, செய்யச் சொல்லிப் பார்க்க வேண்டும். ஆனால் எதைச் செய்யச் சொல்வது, யார் திருத்துவது, எந்த மொழியில் வைப்பது என்பதில் உங்கள் அனுபவம் தேவை.

புள்ளிக்கணக்கு

நூலகர் மிஸ், வினாக்கொத்தை ஒரேயடியாகத் தூக்கி எறிய வேண்டாம். நான் புள்ளிவிபரவியல் படிப்பிக்கிறவன். 400 பேருக்கு ஒரே நாளில் கொடுக்கலாம், செலவு இல்லை, அடுத்த பட்ச்சோடு ஒப்பிடலாம். கேள்விகளின் ஒத்திசைவைக் காட்டும் குரொன்பாக் அல்பா என்ற எண் 0.7க்கு மேல் வந்தால் கருவி நம்பகமானது என்று பொதுவாக ஏற்றுக்கொள்கிறோம். ஒவ்வொருவரையும் தேடச் சொல்லிப் பார்ப்பதென்றால், ஆளுக்கு 20 நிமிடம் வைத்தாலே 400 பேருக்கு 8,000 நிமிடம். 133 மணித்தியாலம். யார் இருந்து திருத்துவது?

நிலாவெளி நூலகர்

நேரக் கணக்கு சரி சேர், அதற்கு வழி தேடத்தான் வேண்டும். அல்பா விஷயத்தில் மட்டும் உடன்பட முடியவில்லை. கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்பதைத்தான் அல்பா சொல்லும். தனக்கு நன்றாகத் தேடத் தெரியும் என்று நினைக்கிற பிள்ளை எல்லா வசனத்துக்கும் 5 போடும். அல்பா 0.9 கூட வரும். அங்கே அளந்தது அந்தப் பிள்ளையின் தன்னம்பிக்கையை.

அமெரிக்காவில் மெலிசா குரோஸ், டொன் லேதம் இருவரும் கல்லூரி மாணவர்களிடம் இதைத்தான் பார்த்தார்கள். எவ்வளவு வரும் என்று முதலில் மாணவரிடம் கேட்டார்கள், பிறகு சோதனை வைத்தார்கள். குறைவாக எடுத்தவர்கள்தான் தங்களை ஆகக் கூட்டி மதிப்பிட்டிருந்தார்கள். டனிங், குரூகர் என்ற உளவியலாளர்கள் 1999இல் பொதுவாகச் சொன்னது இந்தத் துறையிலும் அப்படியே தெரிகிறது. இதன் விளைவைப் பாருங்கள். யாருக்கு வகுப்பு வைக்க வேண்டும் என்று வினாக்கொத்தை வைத்து முடிவெடுத்தால், உதவி ஆகத் தேவைப்படுகிற பிள்ளையைத்தான் முதலில் விட்டுவிடுவோம். எனக்குக் கவலை அதுதான்.

மூதூர் பொடியன்

நான் மூன்றாம் வருடம். மாணவர் பக்கத்திலிருந்து எழுதுகிறேன் மிஸ்.

அசைன்மென்ட் தலைப்பு ஆங்கிலத்தில் வரும். நாங்கள் அந்தத் தலைப்பை ஒரு எழுத்தும் மாற்றாமல் கூகிளில் போடுவோம். முதலில் வருகிற இரண்டு மூன்று பக்கத்தைத் திறப்போம். இப்போது அதுவும் இல்லை, சட்ஜிபிடியில் போடுகிறோம், உசாத்துணை கேட்டால் அதையும் அதுவே தருகிறது. இதைப் பிழை என்று யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. ஏ.எல். வரைக்கும் எங்கள் படிப்பு ரியூஷன் நோட்ஸ், பழைய வினாத்தாள், புள்ளித்திட்டம். கேள்விக்கு விடை ஒன்றுதான். அந்த விடை எங்கிருந்து வந்தது, வேறு ஆள் வேறு மாதிரிச் சொல்லியிருக்கிறாரா என்று கேட்டால் நேரம் வீண் என்பார்கள். அப்படிப் படித்து வந்தவரிடம் முதல் வருடத்திலேயே ஆதாரத்தோடு எழுது என்றால், ஆதாரம் என்பதை அசைன்மென்டின் கடைசியில் ஒட்டுகிற ஒரு பட்டியலாகத்தான் அவர் நினைப்பார்.

இன்னொன்று. தமிழில் ஒரு செய்தி வந்தால், அது பொய் என்று எனக்குப் பெரும்பாலும் பிடிபடும். யார் எழுதுகிறார், ஏன் எழுதுகிறார் என்று விளங்கும். ஆங்கிலக் கட்டுரையின் சுருக்கத்தை வாசிக்கவே அரை மணித்தியாலம் போகும், அதற்குள் நம்பலாமா என்று யோசிக்க மூளையில் இடம் இருக்காது. சோதனையை முழுக்க ஆங்கிலத்தில் வைத்தால் நீங்கள் அளப்பது எங்கள் ஆங்கிலத்தை.

லப்டொப் பற்றியும் சொல்ல வேண்டும். என் பட்ச்சில் நிறையப் பேர் முழுப் படிப்பையும் போனில்தான் செய்கிறார்கள். சின்னத் திரையில் நான்கு பக்கத்தை மாறி மாறித் திறந்து ஒப்பிடுவது எவ்வளவு கஷ்டம் என்று கணினியில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியாது.

கிண்ணியா ஆசிரியர்

தம்பி சொன்னது உண்மை, பாடசாலைப் பக்கத்துப் பொறுப்பை நாங்கள் ஏற்க வேண்டும். பன்னிரண்டாம் ஆண்டில் ஜி.ஐ.ரி. என்ற பொதுத் தகவல் தொழில்நுட்பப் பரீட்சை எடுக்கிறார்கள். அதில் சித்தியடைந்த பிள்ளைக்கு வேர்ட், எக்செல், பவர்பொயின்ட் தெரியும். கணினியை இயக்கத் தெரிவதும் கணினியில் வருவதை எடைபோடத் தெரிவதும் இரண்டு வேறு திறன்கள். நிர்வாகங்கள் முதலாவதைக் காட்டி இரண்டாவதும் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கின்றன.

நூலகர் சகோதரிக்கு ஒரு யோசனை. அளவுகோலுக்கு அமெரிக்கா மட்டும் போக வேண்டியதில்லை. 2004இல் கொழும்பில், கொழும்புப் பல்கலைக்கழகத்தின் நிலிஸ் என்ற நூலகத்துறைக் கல்வி நிறுவனத்தில் நடந்த பட்டறையில் உருவானதுதான் 'எம்பவரிங் 8' என்ற தகவல் அறிதிறன் மாதிரி. நம்முடைய பாடசாலை, பல்கலைக்கழகச் சூழலை மனதில் வைத்து ஆசிய நூலகர்கள் சேர்ந்து செய்தது. தேவையை அடையாளம் காண்பது, ஆராய்வது, தெரிவு செய்வது, ஒழுங்குபடுத்துவது, உருவாக்குவது, முன்வைப்பது, மதிப்பிடுவது, அடுத்த தடவைக்குப் பயன்படுத்துவது என்று எட்டுப் படி. கடைசி இரண்டு படியும் எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரு வேலையை முடித்த பிறகு, நான் எப்படித் தேடினேன் என்று பிள்ளை திரும்பிப் பார்க்க வேண்டும் என்கிறது.

நிலாவெளி நூலகர்

நன்றி சேர். 'எம்பவரிங் 8' கட்டாயம் உள்ளே வரும். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி சொல்கிறேன், ஏனென்றால் அளவுகோல் மாறிய கதைதான் அளப்பதில் உள்ள சிக்கலுக்கும் காரணம்.

1974இல் போல் சுர்கோவ்ஸ்கி இந்தத் திறனைப் பற்றி முதலில் எழுதியபோது அவர் மனதில் இருந்தது வேலைத்தளம். 2000ஆம் ஆண்டில் அமெரிக்கக் கல்லூரி நூலகர் சங்கம் உயர்கல்விக்கு 5 நியமங்கள், அவற்றின் கீழ் 22 குறிகாட்டிகள் என்று வகுத்தது. அந்தப் பட்டியலை வைத்துத்தான் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் 'செயில்ஸ்' போன்ற பல்தேர்வுச் சோதனைகள் வந்தன. அளப்பவருக்கு வசதியான காலம் அது. ஒவ்வொரு குறிகாட்டிக்கும் ஒரு கேள்வி போட்டால் முடிந்தது. ஆனால் தேடும் சொற்களை இணைக்கும் 'ஆண்ட்' (and), 'ஓர்' (or) எங்கே போட வேண்டும் என்று சரியாக விடை சொன்ன பிள்ளை, தன் தேடலில் அதைப் பயன்படுத்துவதில்லை. 2016இல் அதே சங்கம் அந்த நியமங்களைக் கைவிட்டு ஆறு கருத்துகள் கொண்ட சட்டகத்துக்கு மாறியது. அதிகாரம் என்பது சூழலைப் பொறுத்தது, ஆய்வு என்பது விசாரணை, புலமை என்பது ஓர் உரையாடல் என்றெல்லாம் வரும். சிந்தனையாக மிக நல்லது. ஆனால் இவற்றை நான்கு விடையில் ஒன்றைத் தெரிவு செய்யும் கேள்வியாக்குவது மிகவும் கஷ்டம்.

சித்த மாணவி

அந்த "அதிகாரம் சூழலைப் பொறுத்தது" என்பதைப் பற்றி நான் சொல்லலாமா அக்கா? நான் சித்த மருத்துவம் படிக்கிறேன்.

எங்களுக்குச் சொல்லித்தரும் இணையச் சோதனை விதிகளில் முதலாவது, புதிய திகதியா என்று பார் என்பது. எங்கள் மூல நூல்களுக்கு நூற்றாண்டுக் கணக்கில் வயது. யாழ்ப்பாண அரசர் காலத்து வைத்திய நூல் ஒன்றை எடுத்தால், ஏட்டிலிருந்து அச்சுக்கு யார் கொண்டுவந்தார், எந்தப் பிரதிகளை ஒப்பிட்டார், அளவுக் குறிப்பு இரண்டு பதிப்பிலும் ஒன்றாக இருக்கிறதா என்பவைதான் நாங்கள் கேட்க வேண்டிய கேள்விகள். மருந்தின் அளவு ஒரு எழுத்தால் மாறினால் நோயாளிக்கு ஆபத்து. அதே நேரம், அந்த மூலிகை ஈரலைப் பாதிக்குமா என்று தெரிய வேண்டுமென்றால் பழைய நூல் போதாது, இப்போதைய ஆய்வுக் கட்டுரை வேண்டும். ஒரே பாடத்தில் இரண்டு விதமான அதிகாரம். எல்லாத் துறைக்கும் ஒரே வினாத்தாள் வைத்தால் எங்களுடைய திறன் அதில் பிடிபடாது.

யூடியூபில் "ஏழு நாளில் சீனி வருத்தம் போகும்" என்று வருகிற காணொளிகளைச் சோதனையில் வையுங்கள். எங்கள் வீட்டிலேயே அதை நம்பி மாத்திரையை நிறுத்தப் பார்த்தார்கள்.

உப்புவெளி ரைப்செற்றிங்

நான் விரிவுரையாளரும் இல்லை, மாணவனும் இல்லை. கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கிறேன். அசைன்மென்ட் பிரிண்ட் எடுக்க வரும் பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறேன். தமிழில் தேடுவது பற்றி இங்கே யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

பிள்ளைகள் வந்து "தமிழில் ஒன்றும் இல்லை அண்ணா" என்கிறார்கள். இருக்கிறது. ஆனால் இலங்கையில் பல வருடமாகப் பாமினி எழுத்துருவில் அடித்த ஆவணங்கள் ஏராளம். அதை அப்படியே பிடிஎஃப் ஆக்கிப் போட்டால் பார்வைக்குத் தமிழ், உள்ளே ஆங்கில எழுத்து. யூனிகோடில் தேடும் கூகிளுக்கு அது தெரியாது. ஸ்கான் பண்ணிப் படமாகப் போட்ட பழைய சஞ்சிகைக்கும் இதே கதி, உள்ளே இருக்கிற சொல் தேடலில் பெரும்பாலும் அகப்படாது. 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் 2005இலிருந்து ஈழத்து நூல்களைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள், அங்கே போய் நூலின் பெயர், ஆசிரியர், வருடம் என்று பார்க்க வேண்டும். கூகிளில் வரவில்லை என்பதால் இல்லை என்று முடிவெடுக்கக் கூடாது.

எங்கள் ஊர்ப் பெயரையே எடுங்கள். திருகோணமலை, திருக்கோணமலை, திரிகோணமலை என்று மூன்று விதமாக எழுதுகிறார்கள், ஆங்கிலத்தில் வேறு. ஒன்றை மட்டும் போட்டுத் தேடிய பிள்ளைக்கு மற்ற எழுத்தில் இருப்பவற்றில் பெரும்பகுதி தவறிவிடும். இதெல்லாம் வெளிநாட்டுச் சோதனையில் இருக்காது.

நிலாவெளி நூலகர்

அண்ணா, இந்த இழையில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய உதவி இது. தமிழ்த் தேடலைக் கட்டாயம் சோதனையில் சேர்க்கிறேன்.

பழைய வாத்தியார்

பிள்ளை, நான் இங்கே வரலாறு படிப்பித்து ஓய்வு பெற்றவன். ஒரு கேள்வி தருகிறேன், பயன்படுத்திப் பாருங்கள். "கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்தது எந்த ஆண்டு?"

இணையத்தில் சில இடத்தில் 1622 என்றிருக்கும், சில இடத்தில் 1624 என்றிருக்கும். முதல் பக்கத்தைப் பார்த்து ஒரு ஆண்டை எழுதிவிட்டுப் போகிற பிள்ளை ஒரு வகை. இரண்டு ஆண்டு வருகிறதே, ஏன் என்று நிற்கிற பிள்ளை இன்னொரு வகை. கொஞ்சம் தோண்டினால், கோயிலை இடித்தது 1622 என்றும், அந்தக் கல்லைக் கொண்டு கோட்டை கட்டியது 1624 என்றும், இரண்டையும் சிலர் ஒன்றாக்கிவிட்டார்கள் என்றும் தெரியவரும். இன்னும் தோண்டுகிற பிள்ளை, இதை எழுதியவர்கள் யார் என்று கேட்கும். போர்த்துக்கேயரான குவேரோஸ் பாதிரியார் இலங்கை வரலாற்றைக் கோவாவில் இருந்து எழுதியது அதே நூற்றாண்டின் பிற்பகுதியில், நடந்து அறுபது வருடத்துக்குப் பிறகு. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1930இல்தான் வந்தது. சம்பவத்துக்கும் எழுத்துக்கும் உள்ள தூரத்தைப் பிள்ளை கவனிக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு வேண்டுகோள். இதற்கு 1622 என்று எழுதினால் முழுப்புள்ளி, 1624 என்றால் பூச்சியம் என்று போட்டுவிடாதீர்கள். போன வழிக்குப் புள்ளி கொடுங்கள். எங்கள் பிள்ளைகள் கோணேசர் கோயில் விஷயத்தில் உணர்ச்சியோடு பேசுவார்கள், அது நியாயமானது. அந்த உணர்ச்சி இருக்கிற இடத்திலும் ஆதாரத்தைத் தேடிப் போக முடிகிறதா என்று பார்ப்பதுதான் உண்மையான சோதனை.

நிலாவெளி நூலகர்

ஐயா, மிக்க நன்றி. உங்கள் கேள்வி முதலாவதாக வருகிறது. எல்லோருடைய கருத்தையும் வைத்து நான் போட்டிருக்கும் திட்டத்தைச் சொல்கிறேன், குறை இருந்தால் சொல்லுங்கள்.

மூன்று வேலை கொடுப்பேன். ஐயாவின் கோணேசர் கேள்வி ஒன்று, தமிழிலோ ஆங்கிலத்திலோ தேடலாம், விடை எந்த மொழியிலும் எழுதலாம். எத்தனை எழுத்து வடிவில் தேடினார், இரண்டு ஆண்டு இருப்பதைக் கவனித்தாரா, எந்த ஆதாரத்தில் நின்றார் என்று பார்ப்பேன்.

அடுத்தது வட்ஸ்அப்பில் வருவது போல ஒரு செய்தி. "சுமாத்திராவில் நிலநடுக்கம், கரையோர மக்கள் உடனே வெளியேறவும்" என்று ஒரு படம், திகதி வெட்டப்பட்டிருக்கும். உண்மையில் அது 2012 ஏப்ரல் 11ஆம் திகதிச் செய்தி. அன்று சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டு இலங்கைக்கும் சுனாமி எச்சரிக்கை வந்து, பிறகு விலக்கிக்கொள்ளப்பட்டது. 2004ஐக் கண்ட கரையில் இந்த மாதிரிச் செய்தி என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். பிள்ளை என்ன செய்கிறது? படத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறதா, வெளியே போய் வளிமண்டலவியல் திணைக்களத்தைப் பார்க்கிறதா, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐ நினைக்கிறதா? ஸ்டான்ஃபோர்டில் வைன்பேர்க், மக்றூ இருவரும் 2017இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு இதில் வழிகாட்டி. 10 வரலாற்றுப் பேராசிரியர்கள், 10 செய்திச் சரிபார்ப்பாளர்கள், 25 மாணவர்கள். பேராசிரியர்களிலும் பலர் வலைத்தளத்துக்குள்ளேயே நின்று, அதன் தோற்றத்தையும் பெயரையும் பார்த்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் பக்கத்தைத் திறந்ததும் வெளியேறி, இந்தத் தளம் யாருடையது என்று மற்ற இடங்களில் தேடினார்கள். அந்த வெளியேறும் அசைவு நடக்கிறதா இல்லையா என்பதை ஒரு பார்வையாளர் குறித்துக்கொள்ளலாம். அதற்கு ஆங்கிலமும் அதிகம் தேவையில்லை.

மூன்றாவது, ஐந்து உசாத்துணைகள் கொண்ட ஒரு பட்டியல். அதில் இரண்டு சட்ஜிபிடி இட்டுக்கட்டியவை. எவை இல்லாதவை, எப்படிக் கண்டுபிடித்தாய்? தலைப்பை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுவது, கட்டுரையின் நிரந்தர அடையாளமான டிஓஐ எண்ணைத் திறந்து பார்ப்பது, அந்தச் சஞ்சிகையின் அந்த இதழில் அந்தப் பக்கம் இருக்கிறதா என்று போய்ப் பார்ப்பது, இதில் எது செய்தாலும் புள்ளி. 2023இல் நியூயோர்க்கில் சட்டத்தரணிகளே இல்லாத வழக்குகளை நீதிமன்றத்தில் மேற்கோள் காட்டி 5,000 டொலர் தண்டம் கட்டினார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு அந்த நிலை வரக் கூடாது என்பதே என் நோக்கம்.

சித்த மாணவி தங்கச்சி கேட்டபடி, மூன்றாவது வேலையைத் துறைக்கு ஏற்ப மாற்றுவேன். உங்கள் பீடத்துக்கு மூலிகை சம்பந்தமான பட்டியல்.

புள்ளிக்கணக்கு

வாசித்தேன். நல்ல திட்டம், நான் முன்பு சொன்னதைத் திருத்தி எழுத விரும்புகிறேன். 400 பேரும் வேண்டாம். பீடம், பாடசாலையில் படித்த மொழி, மாவட்டம் என்று குழுக்களாகப் பிரித்து (படையாக்கி), ஒவ்வொன்றிலிருந்தும் எழுமாறாக மொத்தம் 60 பேரை எடுங்கள். ஆளுக்கு 20 நிமிடம் வைத்தால் 20 மணித்தியாலம், இரண்டு மூன்று பேர் பிரித்துச் செய்யலாம்.

திருத்துவதில் ஒரு நிபந்தனை. ஒரே விடையை இரண்டு பேர் தனித்தனியாகத் திருத்த வேண்டும், ஒருவர் போட்டதை மற்றவர் பார்க்கக் கூடாது. பிறகு இருவரும் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று காட்டும் கொஹன் கப்பா கணக்கிடுங்கள். 0.6க்குக் கீழே வந்தால் பிழை பிள்ளைகளில் இல்லை, உங்கள் புள்ளித்திட்டத்தில்தான். அமெரிக்கக் கல்லூரிகள், பல்கலைக்கழகங்கள் சங்கத்தின் தகவல் அறிதிறன் புள்ளித்திட்டம் ஒன்று 2009இலிருந்து இருக்கிறது, ஐந்து கூறு, ஒவ்வொன்றுக்கும் நான்கு மட்டம். அதை எடுத்து வசனங்களை நம் வேலைக்கு ஏற்றபடி மாற்றினால் வேலை குறையும்.

வினாக்கொத்தில் ஒரே ஒரு கேள்வியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: "இந்த மூன்று வேலையிலும் உனக்கு எத்தனை புள்ளி வரும் என்று நினைக்கிறாய்?" தொடங்க முன்னர் ஒரு தடவை, முடிந்த பிறகு ஒரு தடவை. முடிந்த பிறகும் குறைத்துச் சொல்லாதவர்கள் யார் என்பது, எனக்கென்றால், சராசரியை விட முக்கியமான தரவு.

சித்த மாணவி

அக்கா, போன் திரையைப் பதிவு செய்வீர்களா? அப்படியானால் ஒரு விஷயம். தேடிக்கொண்டிருக்கும்போது மேலே மெசேஜ் வந்து விழும். வீட்டாருடையதும் வரும், வேறு ஆட்களுடையதும் வரும். அது பதிவாகி மூன்றாம் ஆள் பார்ப்பதைப் பெண் பிள்ளைகள் யாரும் விரும்ப மாட்டார்கள். சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்கினால் மட்டும் போதாது.

நிலாவெளி நூலகர்

மிகச் சரி. பிள்ளைகளின் போனில் பதிவு செய்வதில்லை. நூலகத்து ரெப்லெட்டில், புதுக் கணக்கில் செய்வோம். திரை அளவும் போனுக்குக் கிட்ட, மூதூர்த் தம்பி சொன்ன குறையும் ஓரளவு தீரும். போன்தான் பழக்கம் என்பவர் தன் போனில் செய்யலாம், பதிவு இல்லை, பக்கத்தில் இருப்பவர் கையால் குறிப்பார்.

மூதூர் பொடியன்

மிஸ், பெறுபேற்றை விரிவுரையாளர்களுக்குப் பெயரோடு கொடுப்பீர்களா? கொடுத்தால் பிள்ளைகள் தங்களுக்குத் தெரிந்தபடி செய்ய மாட்டார்கள், நீங்கள் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று யோசித்துச் செய்வார்கள். ஏ.எல். பழக்கம் அது.

நிலாவெளி நூலகர்

கொடுக்க மாட்டேன். பெயர் இல்லை, எண் மட்டும். எந்தப் புள்ளியும் பாடப் பெறுபேற்றில் சேராது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தன்னுடைய பதிவை என்னோடு இருந்து பார்க்க அழைப்பு உண்டு, கிண்ணியா சேர் சொன்ன கடைசி இரண்டு படியும் அங்கேதான் நடக்கும். நீ எங்கே நின்றாய், அடுத்த தடவை எங்கே போவாய் என்று பத்து நிமிடம் கதைப்பது, ஒரு மணித்தியால விரிவுரையை விட உதவும் என்று நம்புகிறேன்.

முதலில் பத்துப் பேரோடு செய்து பார்க்க வேண்டும். மூதூர்த் தம்பி, உங்கள் பட்ச்சில் விருப்பமானவர்களைக் கேட்டுச் சொல்ல முடியுமா? கோணேசர் கேள்வியை மட்டும் அவர்களிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டாம்.

மூதூர் பொடியன்

கேட்டுச் சொல்கிறேன் மிஸ். நான் இந்த இழையை வாசித்துவிட்டேன், அதனால் என்னை அந்தப் பத்தில் சேர்க்காதீர்கள். பக்கத்தில் இருந்து குறிப்பெடுக்கும் வேலையை எனக்குத் தாருங்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் என்றால் எல்லோருக்கும் வசதி.

உப்புவெளி ரைப்செற்றிங்

அந்தப் பத்துப் பேருக்குத் தேவையான தாள்களை நான் அடித்துத் தருகிறேன் மிஸ், காசு வேண்டாம். வினாத்தாளை யூனிகோடில் அனுப்புங்கள்.